மதினி விட்டுப்போன காய்

இரக்கம் என்ற சொல்லை யாராவது மைக்கில் சொன்னால் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறும். எங்கள் ஏலத்தோட்டத்தில் வருஷம் ஒரு தடவை, காய் எடுப்பெல்லாம் முடிந்த பிறகு, காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி வரிசை வைத்து, மானேஜர் பேசுவார். தொழிலாளிகள் எல்லாரும் எங்கள் குடும்பம் என்பார். குடும்பமாம், நல்ல குடும்பம். கை ஒடிந்தவளைப் பார்த்து வீட்டைக் காலி பண்ணு என்று சொல்கிற குடும்பத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். என்னிடம்தான் சொன்னார்கள்.

நாங்கள் குமுளி மலையில் சக்குபள்ளம் பக்கத்து ஆட்கள். மூன்று தலைமுறைக்கு முன்னால் மலையேறி வந்த தமிழ்க் குடும்பம். நான் பிறந்தது ஒரு லயம், வாழ்க்கைப்பட்டது அதே தோட்டத்தில் இன்னொரு லயம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு. முதல் வீட்டில் மீன் வறுத்தால் கடைசி வீட்டுக்காரன் கையைக் கழுவிக்கொண்டு உட்காருவான். வீடு தோட்டத்துடையது. வீட்டில் ஒருத்தர் பேராவது தோட்டத்துப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பேர் இருக்கிறவரைக்கும் கூரை இருக்கும். பேரை வெட்டினால் சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கட்டிலில் விழுந்து இப்போது சில வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கீழே கம்பத்துக்கு அந்தப்புறம் சொந்த ஊர் என்று சொல்ல ஒரு பேர் இருக்கிறது. அங்கே எங்களுக்கு ஒரு சாண் இடம் கிடையாது, எங்களைத் தெரிந்த ஆளும் கிடையாது. ஆகப் பதிவேட்டில் இருந்தது என் பேர் ஒன்றுதான். அந்த ஒரு பேரில்தான் அவருடைய கட்டில், அடுப்பு, கூரை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கையில்தான் ஆடி மழையில் வேலைக்குப் போகும்போது வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு ஒடிந்துபோனது. ஜீப்பில் போட்டுக் கம்பத்துக்குக் கொண்டுபோய் உள்ளே தகடு வைத்துக் கட்டினார்கள். தோட்டத்து ஆபீஸில் என்ன சொன்னார்கள் தெரியுமா? நான் விழுந்த இடம் பாதையாம். ஏலத்துக்குள் விழுந்திருந்தால் அது வேலையில் விழுந்தது. பாதையில் விழுந்தால் அது நானாக விழுந்தது. விழுகிறவள் இடம் பார்த்து விழ வேண்டுமாம். இதை அந்த ஆபீஸர் சிரிக்காமல் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கட்டுப் பிரித்ததும், ஐப்பசி எடுப்புக்கு நான் வரவில்லை என்றால் பேரை எடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை. வலது கையால் ஒரு டம்ளர் பிடிக்க முடியாது. ஆனாலும் போனேன். போகாமல் என்ன செய்ய?

ஏலக்காய் எடுப்பதை வெளியாட்கள் என்னவோ பூப்பறிப்பது மாதிரி நினைக்கிறார்கள். காய் உயரத்தில் காய்க்காது. தூரின் அடியிலிருந்து சரம் சரமாய் ஓடித் தரையில் கிடக்கும். ஈரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சருகை ஒதுக்கி, சரத்தைத் தூக்கிப் பார்த்து, முற்றின காயை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் குற்றம். முற்றினதை விட்டுவிட்டுப் போனால் அதுவும் குற்றம். காலில் அட்டை ஏறிக் குடித்துக்கொண்டிருக்கும். அதைக் கிள்ளி எறிய உட்கார்ந்தால் எடை குறையும். இடுப்பில் கட்டின மடிச்சாக்கு நிறைந்ததும், பாதையோரம் அவரவர் வைத்திருக்கிற பெரிய சாக்கில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். சாயங்காலம் எடை போடுவார்கள். இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு; நாங்கள் மினிமம் என்போம். மினிமம் விழாத நாள்கள் கூடிக்கொண்டே போனால் பேர் வெட்டு.

முதல் நாள் இடது கையால் எடுத்தேன். எழுதத் தெரியாத பிள்ளை சிலேட்டில் கிறுக்கின மாதிரி இருந்தது என் வேலை. காய் காம்போடு பிய்ந்து வந்தது. ஒன்றை இழுத்தால் பக்கத்துப் பிஞ்சும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு மினிமத்தில் பாதிகூடத் தேறாது என்று நினைத்துத்தான் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். தராசில் வைத்தால் மினிமத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பரவாயில்லையே, இடது கையும் கைதான் என்று எனக்கே ஒரு மிதப்பு வந்தது.

இந்த இடத்தில் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் கடைசி வீட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். ஒருகாலத்தில் நான் வாய் நிறைய மதினி என்று கூப்பிட்டவள். என் வீட்டு ஆடு அவள் பந்தலில் ஏறி பீன்ஸ் கொடியை மேய்ந்துவிட்டது என்று ஒருநாள் தண்ணீர்க்குழாயடியில் சண்டை வந்தது. ஆடு மேய்ந்தது உண்மைதான். ஆட்டுக்கு வேலி தெரியுமா என்று நான் கேட்டேன். ஆட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாமா என்று அவள் கேட்டாள். அதிலிருந்து மூன்று வருஷம் பேச்சில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவள், அவள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவள். அதில் எல்லாம் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. ஒரு பீன்ஸ் கொடியில்தான் எல்லாம் அறுந்தது.

அவள் வேலையைப் பற்றி மட்டும் நான் பொய் சொல்லக்கூடாது. காய் எடுப்பில் அவளுக்கு நிகர் தோட்டத்திலேயே ஆள் கிடையாது. அவள் எடுத்துப்போன தூரில் ஒரு முற்றின காயைக் கண்டுபிடித்தால் சூப்பர்வைசர் டீ வாங்கித் தருவதாகப் பந்தயம் கட்டுவார். யாரும் அந்த டீயைக் குடித்ததில்லை. கையில் எடுத்தால் காய் உருண்டையாக, காம்பே இல்லாமல், துடைத்து வைத்த மாதிரி இருக்கும். வருஷ முடிவில் நல்ல கைக்காரிக்கு ஒரு குக்கர் கொடுப்பார்கள். அந்தக் குக்கர் வருஷா வருஷம் அவள் வீட்டுக்குத்தான் போகும். அவளும் அதில் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள்தான். பிடிக்காமல் என்ன? வேறு எதில் எங்களுக்குத் தலை நிமிர இருக்கிறது?

நான் திரும்பி வேலைக்குப் போன நாளிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். எனக்கு எந்த வரிசை கொடுத்தாலும் அவள் பக்கத்து வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பள்ளத்தில் போட்டால் பள்ளத்தில், மேட்டில் போட்டால் மேட்டில். பேச்சும் கிடையாது, முகம் பார்ப்பதும் கிடையாது. என் ஒற்றைக் கை வித்தையைப் பார்த்து ரசிக்கத்தான் வருகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். மனசுக்குள் அவளைத் திட்டின திட்டெல்லாம் இங்கே எழுத முடியாது.

இரண்டாவது வாரத்தில் சாக்கைக் கொட்டி அள்ளும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காய் எடுப்பதில் ஒவ்வொருத்திக்கும் ஒரு கை உண்டு. சோறு அள்ளுகிற மாதிரிதான் அதுவும். பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். என் சாக்கில் கிடந்ததில் பாதிக்கு மேல் என் கை இல்லை. நான் கொட்டிவிட்டுத் திரும்புகிற நேரத்தில் வேறு யாரோ என் சாக்கில் காய் போட்டிருக்கிறார்கள். என் புத்தி எங்கே போனது பாருங்கள். நமக்கு யாரோ நல்லது செய்கிறார்கள் என்று அது ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. ஏதோ கள்ளத்தனம் நடக்கிறது என்றுதான் நினைத்தது. அவ்வளவு தூரம் எங்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் எடைபோடும் இடத்தில் சூப்பர்வைசருக்கு என்ன தோன்றியதோ, என் சாக்கைப் படுதாவில் தட்டச் சொன்னார். தட்டினால் பிஞ்சு. ஒரு கை இரண்டு கை இல்லை, நிறையப் பிஞ்சு. இப்படிப் பிஞ்சைப் பறித்தால் ஆபீஸில் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். எனக்கு வீட்டுக்காரர் கட்டிலோடு ரோட்டில் கிடப்பது கண்முன்னால் வந்தது. வாய் தன்னால் திறந்துகொண்டது.

"இந்தச் சாக்குல நான் எடுக்காத காய் கிடக்கு சார். இந்தா நிக்காளே, இவ போட்டது. எம் பேரைக் கெடுக்கணும்னே பிஞ்சைப் பறிச்சுப் போட்டிருக்கா."

முப்பது பெண்கள் நிற்கிற இடத்தில் சொன்னேன். தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னேன். ஆட்டுக்கும் பீன்ஸுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

சூப்பர்வைசர் மலையாளி. எங்கள் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கெட்டிக்காரர். குனிந்து உட்கார்ந்து படுதாவில் கிடந்த காயைக் கையால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் காம்போடு பிய்ந்து வந்தது. அதில்தான் அத்தனை பிஞ்சும் இருந்தது. அது என் இடது கை. இன்னொரு பக்கம் காம்பே இல்லாத, உருண்ட, முற்றின காய். அது யாருடைய கை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்தின கத்தில் தன்னோடு இன்னொருத்தியையும் பாம்புக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நாளையிலிருந்து உங்களுக்கு வேலை இல்லை, கூப்பிடுகிறவரைக்கும் வீட்டில் இருங்கள் என்று சூப்பர்வைசர் அவளிடம் சொன்னார். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று அந்தியில் என் வரிசைக்குப் பக்கத்தில் பேர் போட்டிருந்த பெண் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, கடைசி வீட்டுக்காரி உனக்கு என்ன செய்தாள் தெரியுமா என்று கேட்டாள். மதினி தினமும் காலையில் அவளிடம் வந்து வரிசை மாற்றிக்கொள்வாளாம். தனக்குக் கிடைத்த சமதரை வரிசையைக் கொடுத்துவிட்டு, என் பக்கத்துச் சரிவு வரிசையை வாங்கிக்கொள்வாளாம். யாரிடமும் சொல்லாதே, அவளுக்குத் தெரிந்தால் சாக்கோடு என் தலையில் கொட்டிவிடுவாள் என்று சொன்னாளாம். என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் பாருங்கள்.

கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரருக்குப் பேச்சு குழறும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போய்ச் சொல்லிட்டு வா என்றார். போகவில்லை. ஆறே வீடு, எட்டி நடந்தால் இருபது அடி. வெட்கம் என்பது எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. இடுப்பில் நிறைசாக்குக் கட்டின மாதிரி என்னை எழுந்திருக்கவே விடவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து தீர்ப்பு வந்தது. மானேஜர் என்மேல் இரக்கப்பட்டாராம். இந்த எடுப்பு முடிகிறவரைக்கும் சந்தர்ப்பம் தருகிறாராம். அதற்குள் தினமும் மினிமம் நானாக எடுத்துக் காட்ட வேண்டுமாம், இல்லையென்றால் வீட்டுச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டுமாம். யாரும் என் சாக்குப் பக்கம் போகக்கூடாது. எனக்குத் தனி வரிசையும் கிடையாது. மற்றவர்கள் எடுத்துவிட்டுப் போன பிறகு, அவர்கள் விட்ட காயை நான் பின்னால் போய் எடுக்க வேண்டும். பின்னெடுப்பு என்பது எங்கள் பேச்சு.

இதில் இருக்கிற சூதைப் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் பெண்கள் எடுத்துவிட்டுப் போன தூரில் என்ன மிச்சம் இருக்கும்? ஒழுங்காக எடுத்தால் ஒன்றும் இருக்காது. அங்கே போய் மினிமம் எடு என்றால், வழித்து நக்கின பானையில் வயிறு நிறையச் சாப்பிடு என்று சொல்வது மாதிரி. போ என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால்கூட நான் மதித்திருப்பேன். இரக்கம் என்று பேர் வைத்துத் தள்ளினார்கள். நீயாகத்தான் போனாய் என்று நாளைக்குச் சொல்லலாம் அல்லவா, பாதையில் நானாக விழுந்த மாதிரி.

போனேன். பனி முழுசாக விலகவில்லை. முன்னால் பெண்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள்; பேச்சுச் சத்தம் மட்டும் வருகிறது. வழக்கமாகச் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். அன்று அடங்கிக் கிடந்தது. என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாதது நியாயம்தான். முதல் தூருக்குக் கீழே குத்தவைத்து, இடது கையால் சரத்தைத் தூக்கினேன்.

சரம் நிறையக் காய்.

எடுப்பு நடந்த சரம்தான். முன்பாதி சுத்தமாக எடுத்திருந்தது. பின்பாதியில் முற்றின காய் அப்படியே கிடந்தது. யாரோ அவசரத்தில் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த தூர், அதிலும் அப்படித்தான். அதற்கடுத்த தூர். வரிசை மாறி வேறொருத்தி எடுத்த இடத்துக்குப் போனேன். அங்கேயும் ஒவ்வொரு தூரிலும் இரண்டு சரம் தொடாமல் கிடந்தது. எனக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. என் சாக்கைத் தொடக்கூடாது என்றுதானே உத்தரவு. அவரவர் தூரில் காயை விடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அன்று மினிமம் விழுந்தது. மறுநாளும் விழுந்தது.

மூன்றாம் நாள் மதினியை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். அவள் வரிசையை நான் மதியத்துக்கு மேல்தான் எட்டினேன். மற்றவர்கள் வரிசையில் எப்படி இருந்தாலும், இங்கே ஒன்றும் இருக்காது என்று எனக்கு நிச்சயம். ஊரைக் கூட்டி அவள்மேல் பழி போட்ட வாய் இது. அதுவும் போக, காயை விட்டுவிட்டுப் போக அவள் கைக்கே தெரியாது. அப்படிப்பட்டவளுடைய முதல் தூரில் சரத்தைத் தூக்கினால், மற்ற எல்லாரும் விட்டதை எல்லாம் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. நல்ல காயாகப் பார்த்து விட்டிருந்தாள். என் இடது கைக்கு எட்டுகிற பக்கமாகப் பார்த்து விட்டிருந்தாள். பிஞ்சு இருந்த சரத்தில் அந்தப் பிஞ்சு மேலே என் கை படாதபடிக்குச் சரத்தை மறுபுறம் திருப்பிப் போட்டிருந்தாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. கோபத்தில்தான் பாதி. ஒரு கை ஒடிந்தவளைத் தாங்குவதற்கு இவர்கள் இப்படி ஒளித்து ஒளித்துச் செய்ய வேண்டியிருக்கிறதே, நல்ல காரியத்தைத் திருட்டுக் காரியம் மாதிரி செய்ய வைத்துவிட்டார்களே என்றுதான் ஆத்திரம். ஆனால் ஒன்று சொல்கிறேன். வீடு போகாது என்கிற நம்பிக்கை எனக்கு வந்தது அந்த ஈரத் தரையில்தான். ஆபீஸ் கொடுத்த சந்தர்ப்பத்தால் வந்ததில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒருநாள் சூப்பர்வைசர் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். மதினி எடுத்துவிட்டுப் போன தூரைக் காலால் விலக்கிப் பார்த்தார். அவளைத் திரும்ப வரச் சொன்னார். எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். இந்தத் தோட்டத்திலேயே சுத்தமாக எடுக்கிறவள் நீங்கள், உங்களுக்கு என்ன ஆயிற்று, கண் தெரியவில்லையா என்று கேட்டார்.

 இருபது வருஷத்துக்கு மேல் காத்த பேர் அது. குக்கர் குக்கராக வாங்கின பேர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் தலை நிமிர்ந்து சூப்பர்வைசரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"ஆமா சார், வயசாச்சுல்ல. கண்ணு மங்கிருச்சு. முன்ன மாதிரி தெரிய மாட்டேங்குது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அரை மைல் தூரத்தில் வருகிற ஜீப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய கண் அது. சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசினார். கண் தெரியாதவர்களுக்கு எதற்குத் தோட்ட வேலை என்று கேட்டார். கேட்டுக்கொண்டு நின்றாள். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது என்று நான் இப்போது நினைக்கிறேன். ஆனால் தன் ஆட்கள் இத்தனை பேரும் காயை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவர் ஆபீஸில் எப்படிச் சொல்வார்? சொன்னால் அவர் வேலைக்கு அல்லவா கேள்வி வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குமுளிக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள். சொன்ன பொய்க்கு ஒரு கால் ஊன்ற வேண்டுமே. கறுப்புப் பிரேம் போட்ட பெரிய கண்ணாடி. பனியில் மங்கும், மழையில் வடியும், குனிந்தால் மூக்கில் இறங்கும். தடவித் தடவித் துடைத்துக்கொண்டு காய் எடுத்தாள். முகத்தில் அதை வைத்துக்கொண்டு, விட வேண்டிய காயை அளந்து விட்டாள்.

தை மாசக் கடைசியில் எடுப்பு முடிந்தது. என் பேர் பதிவேட்டில் நின்றது. சாவி என் மடியிலேயே இருந்தது. அந்த வருஷத்து மைக், பந்தல், நாற்காலி எல்லாம் வந்தது.

மானேஜர் பேசினார். குடும்பம் என்றார், இரக்கம் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, இந்த வருஷம் குக்கர் யாருக்கு என்று சொல்லும்போது என் பேரைச் சொன்னார்.

எனக்குக் கேட்டது பொய்யோ என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவள் விலாவில் இடித்தாள். எழுந்து போனேன். பதிவேட்டுக் கணக்கை மட்டும் பார்க்கிற மனுஷன் அவர். கை ஒடிந்த பெண், மற்றவர்கள் விட்டுப்போன காயை ஒற்றைக் கையால் பொறுக்கி இவ்வளவு சேர்த்திருக்கிறாள், தோட்டத்துக்கு எவ்வளவு நஷ்டத்தைத் தடுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதோடு விட்டாரா? இல்லை.

"கண் இருந்தும் காயை விட்டுட்டுப் போறவங்க, இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார்.

எதிரே மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடியோடு.

 குக்கரை அந்த மனுஷன் காலடியில் போட்டு உடைத்திருப்பேன். யாரைப் பார்த்து யார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த மைக்கிலேயே கேட்டிருப்பேன். வார்த்தையெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து வரிசையாக நின்றது. அப்போது அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, அதற்கு மேலாக என்னைப் பார்த்தாள். தலையை அசைத்தாள். ரொம்பக் கொஞ்சமாக, ஈ உட்கார்ந்தால் அசைப்பது மாதிரி.

ஒருதரம் இந்த வாயைத் திறந்ததற்குத்தான் அவள் இந்தக் கண்ணாடி போட்டிருக்கிறாள். இன்னொருதரம் திறந்தால் அவள் மட்டும் இல்லை, அத்தனை பெண்களும் ஆபீஸில் போய் நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் கட்டிலும் ரோட்டுக்கு வரும். பிறந்ததிலிருந்து அடங்காத வாயை அன்றைக்கு மூடினேன். குக்கரை வாங்கிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

நேராக அவள் வீட்டுக்குத்தான் போனேன். இருபது அடி நடக்க எனக்கு மூன்று மாசம் ஆகியிருக்கிறது. அடுப்படியில் பருப்பு அரித்துக்கொண்டிருந்தாள். மதினி என்று கூப்பிட்டேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. குக்கரை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி, அதை எடுத்துட்டுப் போ. எங்கிட்ட அது நாலு கிடக்கு. அழுவாத. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு மூணு மாசமா வாய் வரைக்கும் வந்துருச்சு. சருகுக்கு அடியில கிடக்கிற சரத்தை நீ பாக்கவே மாட்டேங்கிற. நான் உனக்கு விட்டுட்டுப் போனா, நீ அதையும் விட்டுட்டுப் போற. படுத்தா எனக்குத் தூக்கம் வரல."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது நிஜமாகவே துக்கம்தான்.

இப்போது என் கை முக்கால்வாசி மடங்குகிறது. எனக்குத் தனி வரிசை கிடைத்துவிட்டது. மதினிக்குப் பக்கத்து வரிசை. அவள் இப்போது ஒரு காயும் விடுவதில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியைக் கழற்ற முடியவில்லை. கழற்றினால் அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதனால் நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, தினமும் அதை மாட்டிக்கொண்டு வருகிறாள். பனியில் அவள் அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மைக்கும் மானேஜரும் ஞாபகத்துக்கு வந்து வயிறு எரியும். இரண்டு வார்த்தை வைதுவிட்டு, சருகை ஒதுக்கிக் கீழே பார்ப்பேன்.